தண்டலின் தங்கையும் தொள்ளாயிரம் புள்ளியும்

கோபம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சிவக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கே சிவந்துவிட்டது. காரணம், தங்கச்சி உண்டா என்று கேட்ட ஒரு கேள்விக்கு நான் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டதுதான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. சரக்குக் கப்பலின் தாள்களைச் சரிபார்ப்பது. ஒரு தாளில் ஒரு எழுத்து பிசகினாலும் கன்டெய்னர் நகராது. அந்தப் புத்தி என் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும். சாவி என்னிடம் இருப்பதால் அந்த நீள மேசையில் நாங்கள் நான்கு பேர் கதை விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்துவார், அது நான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; நான் சொல்கிற எண்ணோ அதற்கு மேலோ விழ வேண்டும். எதிரியை வீழ்த்தினால் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் அடுத்த படி.

புள்ளி விஷயத்தில் நான் கறார். கடைசி வெட்டு யாருடையதோ, புள்ளி அவருக்கு. வேறு எதற்கும் கிடையாது.

இதனால் கொழித்தவன் என் கல்லூரி நண்பன். மூன்று லாரி வைத்துத் துறைமுகத்துக்கு ஓட்டுகிறான். கதவைத் தட்டிப் பார்ப்போம் என்று யாராவது சொல்வதற்குள் கதவை உடைத்திருப்பான். அடுத்தவர் சாகுபுரம் ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர். எந்தப் பகடை எத்தனை விழும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். இரண்டு பேரும் ஐந்தாம் படிக்கு ஏறிவிட்டார்கள். மூன்றாம் படியிலேயே நின்றது அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் உட்காரும் பெண். வேம்பார்க்காரி. கடற்கரைக் குடும்பம். வாரம் ஆறு நாள் பஸ் பிடித்து வேலைக்கு வருகிறவள், ஏழாவது நாளும் பூசை முடித்து, சோறு பொங்கி வைத்துவிட்டு, இந்த விளையாட்டுக்காகவே இன்னொரு முறை பஸ் ஏறுவாள். அவளுடைய பாத்திரம் முத்துக்குளிக்கிற ஒரு ஆண். ஏன் ஆண் என்று கேட்டதற்கு, "பொம்பளயா இருக்கதுதான் தெனமும் இருக்கே" என்றாள்.

நான்காம் படிக்கு ஆயிரம் புள்ளி வேண்டும். அவளிடம் எழுநூறு. அடுத்த கதை நடக்கும் தீவுக்கு நான்காம் படிக்குக் கீழே உள்ளவர்கள் போக முடியாது என்று எழுதி வைத்திருந்ததும் நான்தான். சனிக்கிழமை சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு ஏறலைன்னா இத்தோட விட்டுருதேன் அண்ணே. இருக்கது ஒரே ஒரு லீவு நாளு. நீங்க வெட்டுதத வேடிக்கை பாக்க நான் அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல வரணுமா?" எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விதி விதிதான் என்று சொல்லி வைத்தேன். என் வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு மூன்று வாரம் உழைத்திருந்தேன். கடலடியில் மூழ்கிய கப்பல். அதற்குள் ஒரு வெண்கல மணி. அதைச் சுற்றிக் காவல் கிடக்கும் கடல்பாம்பு. படகு இருப்பது ஒரே ஒரு தண்டலிடம். தண்டல் என்றால் எங்கள் பக்கம் தோணியை நடத்துகிறவர். அவன் கெட்டவன். மணியை வாங்கிக்கொண்டு, முத்துக்குளிக்கிறவனின் கயிற்றை அறுத்துவிடப் போகிறான் என்பதைப் போன வாரக் கதையிலேயே லாரிக்காரன் ஒட்டுக்கேட்டுவிட்டான். ஆகவே தண்டலின் பன்னிரண்டு ஆட்களோடு சண்டை நிச்சயம். ஆளுக்கு ஐம்பது புள்ளி, பாம்புக்கு முந்நூறு என்று எழுதி வைத்திருந்தேன். அவளும் ஆறு பேரை வெட்டினால் ஏறிவிடுவாள் என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடும் இருந்தது.

லாரிக்காரன் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு எழுந்தே விட்டான். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அந்தத் தண்டலுக்கு ஒரு அம்மாவும் தங்கச்சியும் உண்டுன்னு போன வாரம் சொன்னியளே அண்ணே?"

"ஆமா, உண்டு." கதைக்கு ஒரு அழகுக்காகச் சேர்த்தது.

"அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இல்ல."

"அப்பம் நான் பொண்ணு கேக்கப் போறேன்."

ஆலைக்காரர் மனக்கணக்கை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். லாரிக்காரன், "ஏளா, சண்டைக்கு வந்த எடத்துல என்ன கல்யாணம்?" என்றான்.

அவள் நிதானமாகச் சொன்னாள். "எங்க பூட்டன் முத்துக் குளிச்சவரு. கல்லக் கட்டிக்கிட்டு உள்ள எறங்குதவன் உசுரு மேல கயிறு பிடிக்கவன் கையிலதான். அதனால கயித்தக் கண்டவன்ட்ட குடுக்க மாட்டாங்க. பொண்டாட்டி கூடப்பொறந்தவன்ட்டதான் குடுப்பாங்க. அறுத்தாம்னா தாலி போறது அவந் தங்கச்சிக்குல்லா?"

எனக்குக் காது சிவந்தது அங்கேதான். நான் தாமிரபரணிக் கரையில் வயலைப் பார்த்து வளர்ந்தவன். கயிறு என்றால் மாடு கட்டுவது. கடலைப் பற்றி மூன்று வாரம் எழுதியவனுக்கு, கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த இந்த ஒரு வழக்கம் தெரியவில்லை. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "தண்டல் லேசுல சம்மதிக்க மாட்டான். பதினெட்டு விழணும்" என்றேன்.

"அவங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? அவன் அம்மாட்டல்லா கேப்பேன்."

வயசுக்கு வந்த மகளை வீட்டில் வைத்திருக்கும் தாய்க்குப் பதினெட்டு கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. பத்து என்றேன். பகடை மேசையில் உருண்டு, ரப்பர் ஸ்டாம்பு டப்பாவில் முட்டி நின்றது. பதினான்கு.

லாரிக்காரன் சண்டையை மறந்தே போனான். பந்தல், மேளம், விருந்து எல்லாவற்றையும் அவனே சொல்லிக்கொண்டு போனான். ஆலைக்காரர் மாப்பிள்ளைத் தோழன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு அவளைக் கடலுக்குள் இறக்கினேன். கல்லைக் கட்டி இறங்கினாள். மணியை எடுத்தாள். பாம்பு அசைந்தது. "கயித்த ரெண்டு தடவ இழுக்கேன்" என்றாள், மேலே தூக்கு என்பதற்கு அடையாளமாக. அவள் விரல்கள் மேசை விளிம்பை உண்மையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தன.

தண்டல் கயிற்றை அறுப்பான் என்று என் தாளில் எழுதியிருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன். தண்டலுக்காக எல்லார் முன்னாலும் பகடையை உருட்டினேன். இப்போது தங்கச்சி புருஷன் ஆயிற்றே, மூன்றுக்கு மேல் விழுந்தால் போதும். பதினொன்று. தண்டல் இழுத்தான், மச்சான், மச்சான் என்று கத்திக்கொண்டே இழுத்தான், அவனுடைய பன்னிரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். பாம்பின் வாய் வெறும் தண்ணீரைக் கடித்தது. மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள். நானும் நின்றுகொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அதற்கப்புறம் புள்ளி போடும் நேரம். மார்க்கரை எடுத்துக்கொண்டு வெள்ளைப் பலகை முன்னால் போனேன். வெட்டு ஒன்றுமில்லை. செத்தவர் யாருமில்லை. என் விதிப்படி அவளுக்குப் பூஜ்யம்.

"ஏலே, என்ன நிக்க?" என்றான் லாரிக்காரன்.

மார்க்கர் மூடியைக் கழற்றினேன், மறுபடி மூடினேன். அவளுக்கு என் புத்தி தெரியும். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அஞ்சரைக்கு பஸ்ஸு இருக்கு அண்ணே. நான் கெளம்புதேன். இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

பத்து மாதமாக எத்தனை வெட்டுக்குப் புள்ளி போட்டிருக்கிறேன். ஒன்றாவது நினைவிருக்கிறதா என்று யோசித்தேன். ஒன்றுகூட இல்லை. தன்னைக் கொல்ல நின்றவனையே தன் உயிருக்குக் காவலாக நிறுத்தியவளுக்குப் போட என்னிடம் ஒரு கட்டம் இல்லையாம். என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அவள் பெயருக்கு நேரே எழுதினேன். பன்னிரண்டு பேருக்கும் அறுநூறு. பாம்புக்கு முந்நூறு. மொத்தம் தொள்ளாயிரம். "வெட்டித்தான் ஜெயிக்கணும்னு நான் எழுதினது தப்பு. பதிமூணு பேரையும் ஜெயிச்சது இவதான்" என்றேன். லாரிக்காரன் தனக்கு என்ன என்று கேட்டான். பந்தல் போட்டதற்குப் புள்ளி கிடையாது என்றேன். ஆலைக்காரர் தன் கணக்குத் தாளில் அவள் எண்ணைக் கூட்டி, "நாலாம் படி தாண்டி அறுநூறு" என்றார், ஏதோ தானே ஏறியதுபோல.

அவள் பலகையைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, பகடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த பஸ்ஸு போனாப் போகட்டும் அண்ணே. ஏழு மணிக்கு இன்னொண்ணு உண்டு. தீவுக்கு எம் மச்சானையும் கூட்டிட்டு வாரேன். அங்கன கயிறு பிடிக்க ஆளு வேணும்லா?"