சும்மா படுத்துக் கிடக்க ஒரு வகுப்பா?

அறுபதுகளின் நடுப்பகுதி. இலங்கையின் மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு, கொக்கோ மூட்டைகளை லொறியில் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றை விட்டு ஓடிவந்தவன் நான். ஓர் ஊரில் ஒரு வருடம் தங்கினால் அதிகம். மாத்தளையில் இரண்டு வருடம் இருந்ததற்குக் காரணம், என்னோடு மூட்டை தூக்கிய, நாவுல ஊர்க்காரன் ஒருவன். ஒரே அறையில் படுத்தோம், ஒரே சட்டியில் சமைத்தோம். அவன் மனைவி நாவுலவில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள்.

அவனுக்கு வலது கை மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. பீடியைப் பிடித்தால் நழுவி விழும். ஆஸ்பத்திரியில் பாரம் தூக்காதே என்றார்கள். மூட்டை தூக்கிப் பிழைப்பவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்? யோகாசனம் செய்தால் நரம்புக் கோளாறு தீரும் என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ சொன்னார்கள்.

ஊரில் இரண்டு இடங்களில் வகுப்பு நடந்தது. முதலில் போனது ஒரு பாடசாலை மண்டபத்துக்கு. கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் ஞாயிறு காலையில் சொல்லிக்கொடுத்தார். வந்திருந்தவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள். பாயில் மல்லாந்து படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயா என் நண்பனின் பிடரியைத் தடவிப் பார்த்தார். மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே மாட்டுத் திமில்போலக் காய்த்திருந்தது.

"தம்பி, உமக்கு இப்ப படுத்திருந்து மூச்சுப் பயிற்சி மட்டும்தான். கழுத்திலை பாரம் விழுற ஆசனம் ஒண்டும் வேண்டாம்" என்றார்.

வெளியே வந்ததும் நான்தான் சிரித்தேன். "சும்மா படுத்துக் கெடக்க ஒரு கிளாஸாடா? அதுக்கு நம்ம ரூமே போதுமே!"

"இல்ல மச்சான், ஐயா கை வச்ச எடம் கொஞ்சம் சொகமா இருக்கு" என்றான். நான் விடவில்லை.

மற்ற வகுப்பு ஒரு பழைய கொக்கோ ஸ்டோரில் நடந்தது. கட்டுமஸ்தான மாஸ்டர் ஒருவர் மாலையில் இளவட்டங்களைப் பழக்கினார். கதவில் அவர் தலைகீழாக நிற்கும் படம். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. வேர்வை கொட்டாத எதையும் வேலை என்று நான் மதித்ததில்லை. எனக்குப் பிடித்தது அவனுக்கும் ஒத்துவரும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். யோசிக்கவே இல்லை.

இருவரும் அங்கே சேர்ந்த மூன்றாம் நாளே சிரசாசனம். மூட்டை தூக்குபவர்களுக்குக் கழுத்தைப் பற்றி ஒரு திமிர் உண்டு. ஒன்றரை அந்தர், எழுபத்தைந்து கிலோ பாரத்தோடு லொறிப் பலகையில் ஏறுகிறவர்கள் நாங்கள். பாரம் சுமந்தால் கழுத்து உரமேறும் என்றுதான் எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பினோம். உள்ளே எலும்பு தேயும் என்று யாருக்கும் தெரியாது. மாஸ்டரும் எதுவும் கேட்கவில்லை. நண்பன் தயங்கி என்னைப் பார்த்தான்.

"மூட்டை சொமக்குற தல ஒன் ஒடம்ப சொமக்காதா? ஏறுடா!" என்று நானே அவன் கால்களைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கால்கள் என் கையில் திடீரென்று கனத்தன. பாரம் தூக்கியே பழகிய எனக்கு அந்தக் கனத்தின் வித்தியாசம் உடனே தெரிந்தது. இறக்கிப் படுக்க வைத்தோம்.

"மச்சான், என் கை எங்கடா?" என்றான். இரண்டு கைகளும் அவன் பக்கத்திலேயே கிடந்தன.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தான். கால்களுக்கு உயிர் வந்தது. கைகளுக்கு வரவில்லை.

ஒருமுறைதான் நாவுலவுக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளை பிறந்திருந்தது. அவன் மனைவி எனக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அவனுக்கு அவளே கோப்பையைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். "ஐயா சொன்ன மாதிரியே இப்ப நல்லா மூச்சு விடுறேன் மச்சான்" என்று அவன்தான் சிரித்தான். பிறகு அவள் பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். அவன் குனிந்து, கன்னத்தால் அதைத் தொட்டான்.

மறுவாரமே மாத்தளையை விட்டுப் போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்கள். நாவுல பஸ்ஸில் மட்டும் மறுபடி ஏறவில்லை.

இப்போதும் யாராவது யோகாசனம் பழக எங்கே சேரலாம் என்று என்னிடம் கேட்டால், என் கண் முதலில் அவர் பிடரிக்குத்தான் போகிறது.