இன்னொரு தடவை கேட்டிருந்தால்

சான்டா கிளாராவில் நாங்கள் மளிகை வாங்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜப்பானிய உணவகம் இருக்கிறது. மேசையே கிடையாது. நீளமாக ஒரு மரப்பலகை. இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் உட்காரலாம், அந்தப் பக்கம் சமையல்காரர் நிற்பார். புது வேலைக்காக மறுநாள் டெக்சாஸுக்குக் கிளம்பவிருந்த என் மகள் அன்று சாயங்காலம் என்னை அங்கே கூட்டிப்போனாள். மனைவி சென்னைக்குப் போயிருந்தாள்.

எங்கள் வீட்டில் மீனைப் பச்சையாகத் தின்றது பூனை மட்டும்தான். அதனால் கொஞ்சம் முறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். சமையல்காரர் சோற்றைக் கையில் பிடித்து, மேலே மீனை வைத்து, ஒவ்வொன்றாகத் தர ஆரம்பித்ததும் அந்த வீறாப்பெல்லாம் போய்விட்டது. அதிலும் கடைசியாக வந்த சுட்ட விலாங்கு இருக்கிறதே, நாக்கு அதை விடவே மாட்டேன் என்றது.

"ஒன் மோர்?" என்று கேட்டார்.

"நோ, நோ, இனஃப்" என்று தட்டின் மேல் கையை விரித்து மறைத்தேன்.

அவர் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். டீ வந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பந்தியில் ஒருவர் போதும் என்றதும் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்களா?

"என்னம்மா, எடுத்துட்டாரு?" என்று மகளிடம் கிசுகிசுத்தேன்.

"அப்பா, யூ செட் இனஃப்."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குச் சொன்னேன்மா."

சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள். ஃப்ரீவேயை விட்டு இறங்கியதும், "ஷுட் ஐ ஸ்டே டில் சண்டே, அப்பா? ஐ கேன் சேஞ்ச் த டிக்கெட்" என்றாள்.

மனசு துள்ளியது. ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவதை நினைத்துத்தான் அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

"எதுக்கும்மா? நீ போய் செட்டில் ஆகு. நான் மேனேஜ் பண்ணிக்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டு, அவள் இன்னொரு தடவை கேட்பதற்காகக் காத்திருந்தேன். கேட்டதும் சரி என்றுவிடுவதாக இருந்தேன்.

"ஓகே, அப்பா" என்றாள்.

சொன்னால் சொன்னதுதான் என்று இருக்க வேண்டும் என அவளை வளர்த்தவனும் நான்தான். அவள் மேல் எப்படிக் கோபப்படுவது? வீட்டுக்கு வந்ததும் பெட்டி கட்டப் போய்விட்டாள். நான் உதவிக்குப் போய், டேப் ஒட்டிக்கொடுத்தேன்.

இப்போதும் எப்போதாவது அந்தப் பலகை முன்னால் தனியாகப் போய் உட்காருவேன். அவர் "ஒன் மோர்?" என்று கேட்டு முடிப்பதற்குள் "யெஸ்" என்றுவிடுகிறேன்.