ஏழு பெயர்ப் பூட்டு

எங்கள் குலத்திலேயே பல்கலைக்கழகப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். நரின் நகரில் கணினிப் படிப்பு முடித்து ஊர் திரும்பிய அன்று, ஒரு பழைய கணினியை மினி பஸ்ஸில் வழி முழுக்க மடியில் சுமந்து வந்தேன். நடுவீட்டில் வைத்த மறுநாளே அது பொதுச்சொத்தாகிவிட்டது. சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு, யார் வந்தாலும் முதலில் தொடுவது அதைத்தான்.

ஆனால் அதை ஒழுங்காகப் பயன்படுத்தியவர் என் அண்ணி புருல்சா. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வருடம் முன்பு மருமகளாக வந்தவர். படிப்பு பள்ளியோடு நின்றுவிட்டது. என்றாலும் ஈற்றில் சிக்கிய செம்மறியின் வயிற்றுக்குள் கைவிட்டுக் குட்டியைத் திருப்பி எடுத்துவிடுவார். குதிரைக்கு எந்தக் காலில் வலி என்பதை அது நடக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வட்டாரக் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்கு இணையவழித் தேர்வு என்று அறிவிப்பு வந்ததும், குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து படித்தார். தேர்வு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. விட்டால் அடுத்த வாய்ப்பு இரண்டு வருடம் கழித்துத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் நான் வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"ஏ பட்டதாரி! ஓடி வா! உன் பொட்டிக்குப் பேய் புடிச்சிருக்கு!"

ஓடினேன். திரை முழுக்க விளம்பரங்கள். ஒன்றை மூடினால் மூன்று திறந்தன. பக்கத்தில் சித்தப்பா மகன் ஜாங்கொரொஸ், தொப்பியைக் கையில் பிசைந்தபடி நின்றான்.

"நான் ஒண்ணும் பண்ணல எர்மெக். கோக்-போரு குதிரையாட்டம் பாக்கத்தான் வந்தேன். நடுவுல பந்தயக் குதிரை பரிசுன்னு வந்துச்சு. சாம்பல் குதிரைடா! என்ன கழுத்து, என்ன நெஞ்சு! வேணாம்னு சொல்ல மனசு வருமா?"

"அதுக்கு?"

"முகவரி கேட்டான், குடுத்தேன். ஏதோ ஒரு சாப்ட்வேர் போட்டாத்தான் குதிரை வரும்னான், போட்டேன்."

"பாஸ்வேர்டு வச்சிருந்தேனே, எப்படி உள்ள போனே?"

ஜாங்கொரொஸ் சிரித்தான். "ஏழு தலைமுறை அப்பன் பேரு தெரியாதவன் கிர்கிஸாடா? அதைப் போய்ப் பூட்டுன்னு வச்சிருக்கியே! எங்க வீட்டு ஆறு வயசுப் பொண்ணே திறப்பா."

என் காது சுட்டது. எவனாலும் உடைக்க முடியாத பூட்டு என்று ஊரெல்லாம் பீற்றியவன் நான்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"அந்தப் பேருங்களை நான் எப்படிச் சொல்லுவேன்? உன் அப்பாவுலேருந்து ஆரம்பிக்குது. மருமக வாயால சொல்லக்கூடாத பேரை விரலால மட்டும் சொல்லலாமா? ஒவ்வொரு நாளும் யாராவது பிள்ளையக் கூப்பிட்டுத்தான் திறந்தேன். தினமும் கெஞ்ச முடியல, அப்புறம் பாதி நாள் பூட்டறதையே விட்டுட்டேன்."

எங்கள் முன்னோர் ஒருவர் பெயர் தெமிர், இரும்பு என்று பொருள். அதனால் அண்ணி இரும்பைக்கூட 'அந்தக் கெட்டிச் சாமான்' என்றுதான் சொல்வார். மருமகள்கள் பெயர் சொல்லாத வழக்கத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன், பூட்டு போடும்போது மறந்துபோனேன். ஊருக்கெல்லாம் திறக்கிற பூட்டு, தேவைப்பட்ட ஒருத்திக்கு மட்டும் திறக்கவில்லை.

முதலில் இணைய வயரைப் பிடுங்கினேன். அண்ணியின் பாடங்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். மிச்சம் அத்தனையையும் அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றத் தொடங்கினேன்.

"இனிமே ஒருத்தரையும் தொட விடாதீங்க அண்ணி."

"வந்தவனைப் போன்னு சொல்ற வீடா இது?" மாவு பிசைந்தபடியே கேட்டார். "விருந்தாளியை எங்க உக்கார வைக்கிறோம்? வாசலுக்கு நேர் எதிர்ல, தோர்ல. அங்க உக்காந்தவன் எந்திரிச்சு என் பெட்டியைத் திறந்ததுண்டா? இதுலயும் அப்படி ஒரு எடம் போடு. ராஜா மாதிரி உக்காரட்டும். வேற எங்கயும் போகக் கூடாது."

நாலு வருடம் படித்த எனக்கு இது தோன்றவில்லை! 'தோர்' என்றே பெயரிட்டு ஒரு கணக்கு திறந்தேன். அதில் ஆட்டம் பார்க்கலாம், பாட்டு கேட்கலாம். எதையும் ஏற்ற முடியாது, அடுத்தவர் கோப்பைத் திறக்கவும் முடியாது. இன்னொன்று அண்ணிக்கு மட்டும்.

"நான் திரும்பி நிக்கிறேன். நீங்களே பாஸ்வேர்டு போடுங்க. மனுஷன் பேரும் வேணாம், குதிரை பேரும் வேணாம்."

விசைகள் வெகுநேரம் தட்டின. திரும்பிப் பார்த்தேன், பதினெட்டுப் புள்ளிகள். இன்றுவரை அது என்னவென்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே ஜாங்கொரொஸ் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். தேநீர் கொடுத்து முற்றத்தில் உட்கார வைத்தேன். பத்து மணிக்கு அண்ணி தனியாகப் பூட்டைத் திறந்து தேர்வுக்குள் போனார். ஜன்னல் கண்ணாடியில் ஐந்து மூக்குகள் ஒட்டிக்கொண்டன.

"இப்ப யாருடா முன்னால?" என்று கிசுகிசுத்தான் ஜாங்கொரொஸ்.

"இது ஆட்டம் இல்லடா, வாயை மூடு!" என்று அதட்டினேன்.

என் நெஞ்சும் குதிரைக் குளம்பு மாதிரிதான் அடித்துக்கொண்டிருந்தது. பதினொன்றேகாலுக்குத் திரையில் எண் வந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தாறு. தேர்ச்சி! ஐந்து தொப்பிகளும் கூரை வரை பறந்தன. அண்ணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணி," ஜாங்கொரொஸ் ஜன்னல் வழியாகவே தலையை நீட்டினான். "என் பொட்டைக் குதிரை ரெண்டு நாளாத் தீனி தொடல."

"அதை விட்டுட்டு அடுத்தவன் குதிரைக்கு முகவரி எழுதிக்கிட்டு இருந்தியா?"

திரையைப் பூட்டினார். கோட்டை மாட்டிக்கொண்டு, எங்களுக்கெல்லாம் முன்னால் படியிறங்கினார்.