வலப்பக்கம் முப்பத்து நான்கு யூனிட்

என் தங்கையின் கணவர் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காக விரித்த துணியில் சாக்பீஸ் கோட்டின் மேலேயே மின்கத்தியை ஓட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளில் கத்தி கோட்டை விட்டு விலகியதில்லை. கூட வேலை செய்பவர்கள் அவரை ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூன்று ஆண்டுகளாக அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். காலை ஏழரைக்கு, தொப்புளுக்கு இடப்புறம் மூன்று விரல் தள்ளி, தினமும் அதே இடம். அங்கே குத்தினால் வலிப்பதே இல்லை என்பார். எழுதி வைக்க அவருக்குப் பொறுமை கிடையாது. ஞாயிறுதோறும் அவர் சொல்ல, நான் நோட்டில் எழுதுவேன். தேதி, நேரம், யூனிட், சர்க்கரை அளவு என நான்கு கட்டங்கள்.

சென்ற ஆண்டு அந்த நோட்டைத் திறக்கவே பயமாக இருந்தது. வெறும் வயிற்றில் 168 இருந்தது 204 ஆயிற்று. பிறகு 251, 283. மருத்துவர் பதினெட்டு யூனிட்டை இருபத்து நான்காக்கினார், முப்பதாக்கினார், கடைசியில் முப்பத்து நான்கு. சர்க்கரை இறங்கவில்லை. ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

“சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சாச்சுண்ணா. மருந்தை ரெண்டு மடங்கா ஏத்தியாச்சு. போடுற மருந்தெல்லாம் எங்கதான் போகுது?” என்றாள் தங்கை. மேலும் கீழுமாக நோட்டைப் புரட்டினேன். விடை அதில் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து சட்டையில் பட்டது. மறுநாள் காலை அவர் ஊசியை வலப்பக்கம் கொண்டுபோனார்.

“டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே,” என்றாள் தங்கை.

“துணியை மடிச்சு வெட்டினா இடது வேற, வலது வேறயா? ரெண்டுக்கும் ஒரே அளவுதான். நீ டிபன் பாக்ஸை எடு.”

அதன் பிறகு நடந்ததைத் தொழிற்சாலையில் அவருக்குத் துணி விரித்துக் கொடுக்கும் அம்மாள் என்னிடம் சொன்னார். பத்து மணிக்கு மேல் மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. இடது கையில் எப்போதும் போடும் இரும்பு வலைக் கையுறையைக் கசகசக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பத்து நாற்பதுக்குக் கத்தி கோட்டை விட்டு விலகியது.

“என்ன மாஸ்டர், புது டிசைனா?” என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார்.

“வாயை மூடிக்கிட்டு விரிக்கிற வேலையைப் பாரு,” என்றாராம். யாரிடமும் அப்படிப் பேசாதவர். பேச்சும் குழறியது. துணியை அழுத்திக்கொண்டிருந்த வெறும் கையை நோக்கிக் கத்தி திரும்ப, அந்த அம்மாள் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். விரலுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. தன் வீட்டிலும் ஒரு சர்க்கரை நோயாளியைப் பார்த்தவர் என்பதால், டீயில் நான்கு கரண்டி சர்க்கரை கலக்கிக் குடிக்க வைத்தார். அதற்குப் பிறகும் மருத்துவமனையில் எடுத்த சர்க்கரை அளவு வெறும் 52.

நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் எலுமிச்சம்பழ அளவில் கட்டி.

“ஒரே இடத்துல குத்திக் குத்தி கொழுப்பு கட்டிப் போச்சு ஐயா. மருந்து அதுக்குள்ளேயே தேங்கி நின்னுருக்கு.”

“தேங்கினா?”

“ஒவ்வொரு செல்லுக்கும் வெளிப்பக்கம் ஏற்பின்னு ஒண்ணு இருக்கு, வீட்டு வாசல்ல காலிங் பெல் மாதிரி. இன்சுலின் சர்க்கரையைத் தூக்கிட்டு உள்ள போறதில்ல. பெல்லை அமுக்கறதோட சரி. உள்ள இருக்கிறவங்கதான் கதவைத் திறந்து சர்க்கரையை எடுத்துக்கணும். இத்தனை நாளா பெல் அமுக்கப் பாதி ஆள்கூடப் போய்ச் சேரலை.”

“இன்னைக்கு?”

“புது இடம். முப்பத்து நாலும் சிந்தாம போய்ச் சேர்ந்துருச்சு. எல்லா வீட்டுக் கதவும் ஒண்ணாத் திறந்து ரத்தத்துல இருந்ததை வழிச்சு எடுத்துருச்சு. மூளைக்குப் பெல் வேணாம், வாசல்ல வர்றதை அதுவா எடுத்துக்கும். ஆனா தெருவுலயே சரக்கு இல்லைன்னா அது என்ன பண்ணும்?” பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். “எந்த இடத்துல போட்டார்னு எழுதலையா?”

எழுதவில்லை. மூன்று ஆண்டு, ஒரு நாள் கணக்கையும் விடாமல் எழுதியவன் நான். அந்தக் கட்டம் மட்டும் இல்லை.

மருத்துவர் அளவை இருபதுக்கு இறக்கினார். இப்போது வயிறு, தொடை என்று நாளொரு இடம். நோட்டில் ஐந்தாவது கட்டம். ஒன்பதாம் நாள் அவர் மீண்டும் கத்தியைப் பிடித்தார். தினமும் பத்தரைக்கு ரத்தம் சோதித்துவிட்டு, பத்து நாற்பதுக்கு எனக்குப் போன் செய்து அளவைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

நேற்று தங்கை வீட்டில் இருந்தேன்; பத்து நாற்பதுக்குப் போன் மணி அடிக்கவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தங்கை அடுக்களையிலிருந்து வந்து எதிரில் நின்றாள். என் இடது கை விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

பத்து நாற்பத்தாறுக்குப் போன் வந்தது.

“பயந்துட்டீங்களா மச்சான்? சுகர் பார்க்கிற மெஷின்ல பேட்டரி தீர்ந்து போச்சு, மாத்திட்டு வர்றேன். நூத்து இருபத்தாறு.”

126 என்று எழுதினேன். அந்த ஆறு நிமிடங்களுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.