முதுகில்லாத நாற்காலி

முதலில் ஒரு மன்னிப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இந்த வாரம் ரோமாபுரியைப் பற்றி எழுதப்போகிறேன். மாவு புளிக்காதது, பஸ் நிற்காதது என்று நான் எழுதியதை எல்லாம் பொறுத்துக்கொண்டீர்கள். இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு ஒரு வியாபாரி வந்தார். மெட்ராஸ்காரர். பழைய மரச்சாமான், பித்தளைச் சாமான் வாங்கி விற்பவர்.

எங்கள் வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, இரண்டு பக்கமும் கனமான பித்தளைத் தண்டு ஒவ்வொன்று முட்டுக் கொடுத்திருப்போம். முழ உயரம். நெடுக வரி வரியாகக் குழித்த தூண் மாதிரி இருக்கும். அடியில் மூன்று சிங்கப் பாதம், உச்சியில் ஒரு சின்னக் கிண்ணம். அவர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இது மெழுகுவத்தி ஸ்டாண்டும்மா. ரோமாபுரி ஸ்டைல். இதைப் போய்க் கதவுக்கு வெச்சிருக்கீங்களே.”

“காத்துக்கு நல்லா நிக்குதுங்க” என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்புறம் அவர் கண் சமையலறை வாசலுக்குப் போனது. அங்கே ஒரு நாற்காலி. பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும் கால்கள். இரண்டு பக்கமும் கை, கையின் முனையில் சிங்க முகம். முதுகு மட்டும் கிடையாது.

“அந்தக் காலத்து ரோம்ல பெரிய அதிகாரிங்க, நியாயம் சொல்றவங்கதான் இந்த மாதிரி நாற்காலில உட்காருவாங்க. மத்தவங்க எதிர்ல நிக்கணும். நீங்க இதுல என்னம்மா பண்றீங்க?”

“சின்ன வெங்காயம் உரிக்கறேனுங்க.”

ஸ்டாண்டு இரண்டையும் கொடுத்துவிட்டோம். நாற்காலியையும் கொடுத்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் அதிகம் பேசாதவள். அன்று கெட்டியாகவே சொன்னேன் — அது மட்டும் முடியாது.

ஏன்? அதைத்தான் எழுத வந்தேன்.

எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம் ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பியது. பங்களா சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஆயில் எஞ்சின் எடுக்கப் போனார் என் மாமனார். எஞ்சினை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். வெறும் லாரியோடு திரும்ப மனசில்லாமல், இந்த நாற்காலியையும் ஸ்டாண்டுகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

“எஞ்சின் வாங்கப் போன மனுசன், முதுவு கழண்ட நாற்காலியோட வாராரு பாரு” என்றாள் அத்தை. நாற்காலி தீவன அறைக்குப் போனது.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. சேலத்து லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கக் கூடாது. வெகு நேரம் நிற்கவும் கூடாது. நாற்காலியில் உட்கார வேண்டும்.

எந்த நாற்காலியில்? அந்த நாளில் எங்கள் பக்கம், மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் நாற்காலியில் உட்கார மாட்டாள். யாரும் சட்டம் போடவில்லை. போடாத சட்டத்தை யார் மாற்றுவது? பகலில் படுத்தால் சோம்பேறி என்பார்கள். ஆகவே நின்றேன். கால் வீங்கியது. இதுவும் போய்விடுமோ என்று பயந்துகொண்டே நின்றேன்.

டாக்டர் சொன்னதை அத்தை மாமாவிடம் சொன்னாள். நானும் அவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் தூணைப் பார்த்துத்தான் கேட்பார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், நாற்காலி கழுவித் துடைத்துச் சமையலறை வாசலில் இருக்கிறது. கிழிந்த தோலைப் பிரித்து எறிந்துவிட்டு, கட்டிலுக்குப் பின்னுகிற கயிற்றில் அவரே புதுசாகப் பின்னியிருந்தார். தூணைப் பார்த்துச் சொன்னார்:

“முதுவு இல்லாதது நாற்காலி ஆவாது. அது பாட்டுக்கு அங்க கெடக்கட்டும். ஆரு வேணா உக்காரலாம்.”

உட்கார்ந்தேன். எழும்போது இரண்டு சிங்கத் தலையையும் அழுத்திக்கொண்டு எழுந்தேன். அந்த நிம்மதியை எப்படி எழுதுவது... தெரியவில்லை.

ஒரு வாரம் போனது. மாமாவின் அண்ணன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். ஊரே பயப்படும் மனிதர். நான் பதறி எழப் போனேன்.

“அம்மிணி, நீ உக்காரு” என்றார் மாமா. என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பெரிய மாமாவுக்கு முகம் மாறியது. “ஏன்டா தம்பி, உன்ர ஊட்டுல மருமவ நாற்காலி போட்டு உக்காருவாளா?”

“அது நாற்காலிங்களாண்ணா? சாயறதுக்கு எடம் எங்க இருக்குது, காட்டுங்க பாக்கலாம்.”

பெரிய மாமா சுற்றி வந்து பார்த்தார். “கை இருக்குதில்லடா?”

“கை சட்டைக்குக்கூடத்தான் இருக்கும். முதுவு இருந்தாத்தானுங்க நாற்காலி.”

“நாளைக்கு எங்கூட்டு மருமவளும் கேப்பா. அவளும் மாசமா இருக்கறா, காலு வீங்கிக்கெடக்குது.”

“கேட்டா ஒண்ணு குடுங்க. முதுவு இல்லாமப் பாத்துக் குடுங்க.”

உள்ளே அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மாதம் நிறைந்து பெண் பிறந்தாள். இப்போது ஏழாம் வகுப்பு. இந்தக் கட்டுரையில் எழுத்துப்பிழை இல்லையென்றால் அவள்தான் காரணம்.

வழக்கத்தை உடைப்பவர்களுக்குப் பேர் கிடைக்கிறது. என் மாமா எதையும் உடைக்கவில்லை. வழக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன இடம் பார்த்து என்னை உட்கார வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வெற்றிலை போட்டார். அவர் காலமாகும்வரை நான் நன்றி சொன்னதில்லை. மாமனாரிடம் அதைச் சொல்ல எங்களுக்கு ஒரு வார்த்தை பழக்கத்தில் இல்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் பேச்சு நடந்த மறுநாள், பெரிய மாமாவின் தோட்டத்து ஆள் ரம்பம் கேட்டு வந்தார். எதற்கு என்றாள் அத்தை.

“நாற்காலி ஒண்ணுக்கு முதுவ அறுக்கோணுமாங்க” என்றார்.