கஞ்சி கலந்த தூபாத் தண்ணீர்

இந்த ஊர்க் கெலாடி இலையில் மழை விழுந்தால் இலை நனைவதில்லை. துளி துள்ளி எழும்பி, கோலிக்குண்டு போல உருண்டு மண்ணில் விழுந்துவிடும். நம் ஊர்ச் சேம்பும் இதே சாதிதான். அங்கே நான் அதை நின்று பார்த்ததில்லை. இங்கே மலாய் நாட்டு மெர்கோங்கில், மகன் வீட்டு வேலியோரம் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தத் துள்ளலை ஒருமுறை நான் அடக்கியிருக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஜப்பான்காரன் காலத்தில் சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால்வெட்டு நின்றுபோய், வீட்டுக்கொரு பாத்தி கெலாடி போடச் சொன்னார்கள். எங்கள் பாத்தியில் புழு விழுந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாசலில் நின்று, "பாத்தி மொட்டையானா உன் வீட்டுக்காரன் சயாம் ரயிலுக்குத்தாம்மா. பேரு எழுதியாச்சு. சனிக்கிழமை வந்து பார்ப்பேன்" என்றார். ரயில்பாதை போடப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை.

பக்கத்து மலாய்க் கிராமத்து லிமா மக்சிக், மக்சிக் என்றால் அத்தை, புழுவைக் கொல்லும் தூபா வேரை இடித்துக் கொடுத்தார். கரைத்துத் தெளித்தேன், அத்தனையும் இலையை விட்டு ஓடிற்று. வேர் போதவில்லை போலும் என்று இரட்டிப்பாகக் கரைத்தேன். அதுவும் ஓடிற்று. "தாக் லெகாட் லா," ஒட்டவில்லையே என்று மக்சிக் உதட்டைப் பிதுக்கினார்.

அப்போதுதான் அம்மாவின் தறி நினைவுக்கு வந்தது. புது நூலில் வெறுந்தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாய் உதிரும். கஞ்சித் தண்ணீர் விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். மத்தியானத்துக்கு இருந்த மரவள்ளிக் கஞ்சியை வடிகட்டித் தூபா கரைத்த வாளியில் ஊற்றினேன். அன்றைக்கு எங்களுக்கு இருந்ததே அவ்வளவுதான்.

"உலாட் மாக்கான் புபோர் கா?" புழு கஞ்சி குடிக்குமா என்று மக்சிக் கேட்டார். விளக்கிச் சொல்ல எனக்கு மலாய் போதாது, தலையாட்டி வைத்தேன். குடிக்கும் என்கிறேனென்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரரோ, "ஏ புள்ள, சயாமுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே என்னயப் பட்டினி போடுறியா?" என்றார்.

விளக்குமாற்றால் தெளித்தேன். துளி விழுந்தது, எழும்பப் பார்த்தது, முடியாமல் இலையிலேயே உட்கார்ந்துகொண்டது. மக்சிக் சிரிப்பை நிறுத்திவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டு நாளில் புழுவெல்லாம் உதிர்ந்து கிடந்தது, நடுக்குருத்து விரிந்தது.

சனிக்கிழமை கிராணி பாத்தியைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார். பிறகு பட்டியலில் எழுதியிருந்த பேரை அடித்துவிட்டார். "யாரு வேல இது?"

"எங்க ஊருக் கஞ்சிங்க" என்றார் என் வீட்டுக்காரர், மார்பை நிமிர்த்தி.

"காமி புஞ்ஞா தூபா!" எங்களுடைய தூபாவாக்கும் என்றார் மக்சிக்.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இரண்டையும் கேட்கப் பெருமையாக இருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாளிக்குள் பார்த்தேன். மீந்திருந்த தண்ணீர் பால் போல வெளுத்துக் கிடந்தது. அதில் அம்மா வீட்டுக் கஞ்சி எது, இந்த மண்ணின் வேர் எது என்று பிரித்துச் சொல்ல என்னாலேயே முடியவில்லை.