ஒன்றரைக் கட்டை

தேனியில் ராக் குழுவா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆமாம், இருந்தது, இருக்கிறது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன், டயர் கடை வைத்திருக்கிறவன், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர் என்று நாலு பேர் சேர்ந்து கல்லூரிக் காலத்தில் ஆரம்பித்த கூத்து. காயில் கட்டுகிறவன் நான். பாடுகிறவனும் நான்தான். பாடுகிறவன் என்று சொன்னால் சங்கீதம் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள், கத்துகிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். என் அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

ஆனால் அந்தக் கத்தலுக்கு ஒரு மரியாதை இருந்தது. எங்கள் சொந்தப் பாட்டு ஒன்று உண்டு. ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆளையே தள்ளுகிற மாதிரி அடிக்குமே, அந்தக் காற்றைப் பற்றி நான் எழுதி, கிட்டார் வாசிக்கும் ஏலக்காய்க்காரன் மெட்டுப் போட்டது. மூன்றாவது சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். நான் மட்டும் உச்சிக்கு ஏறி, மூச்சு இருக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பேன். நான் இறங்கியதும் டிரம்ஸ் விழும். போடியிலிருந்து கூடலூர் வரைக்கும் எந்த மேடையில் ஏறினாலும் ஆட்கள் அந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன். பகலெல்லாம் குனிந்து செம்புக் கம்பி சுற்றுகிற ஒருத்தன் நிமிர்ந்து நிற்பதற்கு அந்த ஒரு இடம் இருந்தது.

ஐம்பதைத் தாண்டியதும் குரல் பிசக ஆரம்பித்தது. முதலில் மூச்சின் நீளம் குறைந்தது. அப்புறம் உச்சியில் ஈகாரம் வந்தால் தொண்டை அடைத்துக்கொண்டது. பாட்டின் வார்த்தையையே மாற்றி ஆகாரத்தில் முடித்தேன். எழுதியவனே மாற்றினால் யார் கேட்பது? கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. உச்சி வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். அவர்கள் பாடுவார்கள், பேர் எனக்கு. வயதான பாடகர்கள் எல்லாருக்கும் இந்தத் திருட்டு தெரியும்.

அல்லிநகரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் அப்படி மைக்கை நீட்டினேன். நாற்காலிகள் காலியாக இருந்தன, எல்லாரும் பந்திக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் நானே ஏறிப் பார்த்தேன். குரல் பாதியில் உடைந்து, கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, இனி மேடையே வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். கல்யாணமாகி அவள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். "கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. வயசாகுதுல்ல?" என்றார். நோய் என்று சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். சிகரெட்டை நிறுத்தினேன். சித்தரத்தைத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். குரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் கை ஜாடையில் பேசினேன். மோட்டார் எரிந்துபோன வயிற்றெரிச்சலில் வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

"இத்தன வருசத்துல வீடு இம்புட்டு அமைதியா இருந்ததே இல்ல. அந்த டாக்டருக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்" என்றாள் மனைவி.

சில மாதம் கழித்துக் குழுவினர் மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். கீபோர்டுக்காரர் என்னைவிடச் சின்னவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். அவர்தான் ஆரம்பித்தார்.

"வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூப்பிட்டுருக்காகண்ணே. ஒரே ஒரு தடவ வந்து பாடிப் பாருங்க. வரலைன்னா விட்ருவோம்."

போனேன். எங்கள் வழக்கப்படி அவர் கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டார், நான் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். மூன்றாவது சரணம் முடிந்தது, வாத்தியங்கள் நின்றன. பயந்துகொண்டே ஏறினேன். குரல் வந்தது. தடங்கல் இல்லாமல் ஏறி, உச்சியில் நின்றது. ஆற்றங்கரை வரைக்கும் கூட்டம் விசிலடித்தது. செத்தவன் பிழைத்துவந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு.

அதற்கப்புறம் இரண்டு வருடம் என் அலட்டல் தாங்க முடியாததாக இருந்திருக்கும். சிகரெட் பிடிக்கிறவர்களைக் கண்டால் பிரசங்கம் பண்ணினேன். தொண்டை கரகரக்கிற எவனுக்கும் சித்தரத்தையைச் சிபாரிசு செய்தேன். "வயசாவது மண்ணாவது, எல்லாம் மனசுதான்" என்று டயர் கடையில் உட்கார்ந்து பேசுவேன். டிரம்ஸ் வாசிக்கிற டயர் கடைக்காரன் பஞ்சர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு, தலையைத் தூக்காமல் "ஆமா, ஆமா" என்பான்.

கடமலைக்குண்டில் ஒரு கோயில் விழா. மேடை போட்ட இடத்தில் பொழுது சாயும்போதே காற்று எடுத்துவிட்டது. மூன்று பாட்டு முடிந்திருந்தது, கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். விளக்கு வந்ததும் கூட்டம் எங்கள் காற்றுப் பாட்டைக் கேட்டுக் கத்தியது. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கீழே குனிந்து வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கீபோர்டுக்காரரிடம், "சுருதியக் குடு" என்றேன். அவர் அவசரத்தில் எழுந்து கட்டையைத் தொட்டார், கிட்டாரும் கூடவே விழுந்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம்.

"மாப்ளே, காத்துல உன் தந்தி எறங்கிப் போச்சு பாரு" என்றேன் கிட்டார்க்காரனிடம்.

"அண்ணே, ஒரு நிமிசம். இது எங்கிட்டதான். நான் சரி பண்ணிக்கிறேன்" என்று கீபோர்டுக்காரர் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"மிசின் எங்கனயாச்சும் எறங்குமா? தந்திதான் எறங்கும். நீ அதைத் தொடாத. மாப்ளே, நீ கீபோர்டுக்கு ஏத்திக்க."

இதையெல்லாம் மைக்கில் பேசினேன். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர்களால் என்ன சொல்ல முடியும்? கிட்டார்க்காரன் கீபோர்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தந்திகளை முறுக்கினான். முறுக்கிக்கொண்டே இருந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாள் பூராவும் கம்பியோடு கிடக்கிறவன் நான், காற்றில் எந்தத் தந்தியும் அவ்வளவு இறங்காது.

முதல் வரியே செங்குத்தாக இருந்தது. பதற்றம் என்று நினைத்தேன். இரண்டாவது சரணத்தில் நாக்கு வறண்டது. மூன்றாவது முடிந்து வாத்தியங்கள் நின்றன. ஏறினேன். அல்லிநகரத்தில் உடைந்த சத்தமாவது வந்தது, இங்கே அதுவும் இல்லை. வாய் திறந்திருந்தது, வெறும் காற்றுதான் வந்தது. வாத்தியம் இல்லாமல் என் குரல் மட்டும் கேட்க வேண்டும் என்று நானே ஆசைப்பட்டு ஏற்பாடு செய்த இடம் அது. டயர் கடைக்காரன் எனக்காகக் காத்திருக்காமல் டிரம்ஸை முன்னாலேயே போட்டு மூடினான்.

இறங்கியதும், மேடைக்குப் பின்னால் வயர் சுருட்டிக்கொண்டிருந்த கீபோர்டுக்காரரிடம் போய் நின்றேன். எனக்குப் புரிந்துவிட்டிருந்தது, அளவு மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது.

"எம்புட்டு?"

"ஒன்றரைக் கட்டை எறக்கியிருக்கோம்ணே."

"எப்பருந்து?"

"வீரபாண்டியில இருந்து. மொதல்ல ஒரு கட்டை. போன வருசம் இன்னொரு அரை."

கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறதாம். அமுக்கினால் மொத்தச் சுருதியும் இறங்கிவிடும், அதே விரல் அதே கட்டையில்தான் விழும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கிட்டார்க்காரன் தந்தியைத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறான். கரண்ட் போய் வந்தால் மட்டும் அந்த மிஷின் பழைய சுருதிக்கே திரும்பிவிடும்.

"சர்ச்சுல பெரியவுகளுக்குப் பாட்டு ஏற முடியலைன்னா இப்பிடித்தான் எறக்கி வப்பேன். அவுகளும் சந்தோசமாப் பாடிட்டுப் போவாகண்ணே" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாந்தேன் அவுக மூணு பேருகிட்டயும் சொன்னேன். அன்னைக்கு அழுதீகல்ல, என்னால பாக்க முடியல. என்ன பண்ணுவீகளோ, ஏது பண்ணுவீகளோ, இவர மேடையில ஏத்தி விடுங்கன்னு சொன்னேன்."

கோபம் வந்திருந்தால் தேவலை. யார்மேல் கோபப்படுவது? நாலு பேரும் பிரியத்தில் செய்தது. ஆனால் அந்தப் பிரியத்தைத் தாங்க முடியவில்லை. என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு வருடம்தான், அதில் ஒரு நாள்கூட எனக்குச் சொந்தமில்லை. உச்சி என்று நினைத்து நான் நின்ற இடம் உச்சி இல்லை. கடையில் உட்கார்ந்து, கடமலைக்குண்டில் மறுபடி கேட்ட பழைய சுருதியை நினைத்துப் பார்ப்பேன், காதில் அப்படியே கேட்கும். குரலுக்கு வயதான மாதிரி காதுக்கும் ஆகியிருந்தால் இந்த அவஸ்தை இல்லை. ஒரு நாள் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்போல, மோட்டார் கொண்டுவந்த ஆள் பல்வலியா என்று கேட்டார்.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விட்டால் கம்பி சுற்றுவது மட்டும்தான் மிச்சம். அதை நினைத்தபோது பயமாக இருந்தது.

அடுத்த அழைப்பு சின்னமனூர்ப் பக்கம். பாட்டு வருகிற நேரத்தில் கீபோர்டுக்காரர் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் அமுக்கியவர், அன்றைக்கு என் உத்தரவுக்காகக் காத்திருந்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "ரெண்டு கட்டை" என்றேன்.

"ஒன்றரை போதும்ணே."

"ரெண்டு வச்சுக்க." கிட்டார்க்காரனும் அதற்கேற்பத் தந்திகளைத் தளர்த்திக்கொண்டான்.

பாடினேன். மூன்றாவது சரணம் முடிந்து ஏறியபோது குரல் சிரமமில்லாமல் போய் நின்றது. நான் நிற்க வேண்டிய இடம் அதற்கு மேலே எங்கே இருக்கிறது என்பது முழு நேரமும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டம் வழக்கம்போல விசிலடித்தது.

முடிந்ததும் என் வயதுடைய ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வாலிபத்தில் கம்பத்தில் எங்கள் கச்சேரியைக் கேட்டவராம். கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்குக் கேட்ட கொரல் அப்பிடியே இருக்கு. கொஞ்சங்கூட எறங்கல. என்னதான் சாப்பிடுறீக?"

கீபோர்டுக்காரர் வயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சித்தரத்தை" என்றேன்.